மூன்றாவது கேள்விக்குப் போட்ட முட்டை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வீட்டிலேயே படித்துவந்த என் மகள் உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர விண்ணப்பித்தாள். வயது 12 முடிந்துவிட்டது. நீங்கள் வைத்த தேர்வில் வரலாற்றுத் தாளில் 25க்கு 9 மார்க் வாங்கியதால் ஆறாம் வகுப்பில்தான் இடம் என்று சொல்லிவிட்டீர்கள். கணக்கு, ஆங்கிலம், அறிவியல் மூன்றிலும் குறை ஒன்றுமில்லை என்று சொன்னதும் நீங்கள்தான். ஆக, அவளை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளுவது வரலாறு ஒன்றுதான்.

இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு "கிடைத்தது" என்று தானாகப் போகும் பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், அன்று உங்கள் அறையில் நீங்கள் என்னோடு தமிழில்தான் பேசினீர்கள். தவிர, இந்த ஊரில் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். நாளை அவர்களும் ஏதோ ஒரு பள்ளியின் வாசலில் டி.சி. இல்லாமல் நிற்கப் போகிறவர்கள். உங்கள் பள்ளியின் பெயரை எங்கும் எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை.

நேராக மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "பெங்களூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?" இரண்டு மார்க். என் மகள் ஆங்கிலத்தில் எழுதிய விடையைத் தமிழில் தருகிறேன்:

"வீர பல்லாள ராஜா வேட்டைக்குப் போய் வழிதவறி, ஒரு கிழவி கொடுத்த வெந்த பயறைச் சாப்பிட்டதால் பெந்தகாளூரு என்று பெயர் வந்ததாக ஒரு கதை இருக்கிறது. ஆனால் அந்த ராஜா பட்டத்துக்கு வந்தது 1173இல். பேகூர் கல்வெட்டில் சுமார் 890லேயே பெங்களூரு என்ற பெயர் இருக்கிறது. அதனால் அவர் பெயர் வைத்திருக்க முடியாது. உண்மையான காரணம் எனக்குத் தெரியாது."

இதற்கு முட்டை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. திருத்தியவருக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் "வெந்த பயறு" என்று இருந்ததாம். கதையை அவளும் எழுதியிருக்கிறாள், அதற்காகவாவது ஒரு மார்க் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "தெரியாதுன்னு எழுதினா எப்படி மேடம் மார்க் போடறது?" என்றார் உங்கள் கோஆர்டினேட்டர்.

அந்தத் தாளிலேயே என்னைப் பெருமைப்பட வைத்த வரி அந்தத் "தெரியாது"தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

அன்று ஒரு துணிப்பையில் எட்டு முழ வேட்டி ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தேன். கோஆர்டினேட்டர் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆர்ட் அண்ட் கிராஃப்ட் டீச்சரிடம் காட்டுங்கள்" என்றார். நீங்கள் "வீட்டில் கதை படிப்பதெல்லாம் பாடம் ஆகுமா, அம்மா?" என்று சிரித்தபடி கேட்டீர்கள். வேட்டியை யாரும் விரிக்கவில்லை. அதை இங்கே விரிக்கிறேன்.

அது என் அப்பாவின் வேட்டி. பின்னி மில்லில் வேலை பார்த்தவர். நைந்துபோய் வீடு துடைக்கப் போட இருந்த துணி. 2021இல், மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, அதைக் காலக்கோடாக மாற்றினோம். அளவுநாடாவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, இன்னொரு தடவை மடித்தால் எட்டுச் சம பாகம். மடிப்பு விழுந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு. ஒரு பாகம் ஒரு முழம், ஒரு முழம் 300 வருடம். கி.மு. 400இல் தொடங்கி கி.பி. 2000இல் முடிகிறது. கணக்குப் பாடமும் அதிலேயே நடந்தது. பூக்காரம்மா அளக்கிற முழமும் நம் முழமும் ஏன் ஒன்றாக இல்லை என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை.

இரண்டு மாதத்திலேயே வேட்டி போதவில்லை. கீழடியில் கிடைத்த கரித்துகள் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை அறிக்கையில் படித்தோம். அது இடது கரைக்கு வெளியே போய் விழுந்தது. அவள் பிறந்த 2013 வலது கரைக்கு வெளியே விழுந்தது. இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி தைத்தோம். "நான் வேட்டியிலயே இல்ல பாரும்மா" என்று அவளுக்கு ஒரே வருத்தம். நானும் வேட்டியின் கடைசி நாலு விரற்கடைக்குள்தான் இருக்கிறேன் என்று காட்டிச் சமாதானம் செய்தேன்.

இனிச் சொல்வது முக்கியம். வேட்டியில் எழுத இரண்டு விதம் வைத்திருக்கிறாள். ஆதாரத்தை நாங்கள் நேரில் பார்த்திருந்தாலோ, பார்த்தவர் அச்சிட்டதைப் படித்திருந்தாலோ நூலால் தையல். கன்னடக் கல்வெட்டுக்குச் சிவப்பு நூல், தமிழுக்குப் பச்சை, மற்றதற்கெல்லாம் நீலம். யாரோ சொன்னார்கள், கேள்விப்பட்டோம் என்றால் பென்சில். "பென்சில் துவைச்சா போயிடும்" என்பது அவள் விளக்கம். இந்த விதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வயதில் அவளே போட்டது. அதில் முதலில் மாட்டிக்கொண்டவள் நான்.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஆற்காட்டிலிருந்து கால்நடையாகவே பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்தார் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. பச்சை நூலில் அதைத் தைக்க ஆசைப்பட்டேன். "யார் பார்த்தாங்க?" என்று கேட்டாள். பாட்டி சொன்னாள். "பாட்டி கூட நடந்து வந்தாங்களா?" இல்லை. கொள்ளுத்தாத்தா இன்றைக்கும் பென்சிலில்தான் நடந்துகொண்டிருக்கிறார். என் அப்பாவின் மில் டோக்கன் பித்தளையில் கையில் இருப்பதால் அவருக்குத் தையல் கிடைத்தது.

இப்போது பயறுக்கு வாருங்கள். பேகூர் நாகேசுவரர் கோயிலுக்கு அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவரும் வந்தார். அவரை மகள் அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவாள். கல்லில் இருப்பது பழங்கன்னடம். அஜ்ஜிக்கே பாதிதான் படிக்க முடிந்தது. அச்சான பாடத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடினார்கள். "பெங்களூரு காளகதொள்" என்ற இடம் வந்ததும் அஜ்ஜி நிறுத்திவிட்டார். பெங்களூருப் போரில் என்று பொருள். அந்தப் போரில் ஒருவர் இறந்துபோன செய்திதான் அந்தக் கல். வெயிலில் மூன்று பேரும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது இத்தனை பெரிதாகிவிட்ட ஊரின் பெயர், கெம்பேகவுடா 1537இல் கோட்டை கட்டுவதற்கு அறுநூறு வருடத்துக்கும் முன்னால், விரல் நீளத்தில் அங்கே இருந்தது.

திரும்பி வந்து சிவப்பு நூலில் தைத்தாள், ஐந்தாம் முழத்தின் முதல் பகுதியில். வீர பல்லாளரும் பயறும் ஏற்கெனவே பென்சிலில் இருந்தார்கள், ஆறாம் முழத்தில். நடுவில் கிட்டத்தட்ட ஒரு முழம். அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. "பேரு முதல்ல, பயறு அப்புறம். எப்படிம்மா?" என்றாள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு அவள் எழுதியது அந்த ஒரு முழம்தான்.

கதையை நாங்கள் கேலி செய்யவுமில்லை. மார்கழி, தை மாதத்தில் அவரைக்காய் சீசன் வந்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்துக்கொண்டு அந்தக் கிழவியின் கதையை இன்னும் பேசுகிறோம். கன்னடத்தின் "பெந்த" நம் "வெந்த"தான் என்று அவள் கண்டுபிடித்ததும் அந்தக் குழம்பை வைத்துத்தான். ஏன் இப்படி ஒரு கதை பிறந்தது என்பதே நல்ல கேள்வி. அதையும் நீங்கள் கேட்டிருக்கலாம்.

தமிழ்ப் பெருமைக்காக இவர்கள் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் தொம்மலூர் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள சொக்கநாதசாமி கோயிலைச் சோழர் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் அப்படியே மகளுக்குச் சொல்லிவிட்டேன். லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி, ஸ்கேன் செய்த வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு தேடியபோது எங்களுக்குக் கிடைத்தவை 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். அரசன் பெயர் வருகிற இடத்தில் போசள (ஹொய்சள) வீர ராமநாதன். கன்னட நாட்டுத் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பிய வம்சம், இவனுக்குத் தலைநகர் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூர், பெங்களூரில் அவன் பேரில் இருக்கிற கல்லில் எழுத்து தமிழ். யாருடைய பெருமை இது என்று பங்கு பிரிக்கப் போனால் நமக்குத்தான் தலை சுற்றும். என் "சோழர்" பென்சிலுக்கு இறங்கினார்கள்.

அந்தக் கோயிலில் அவளுக்கு மிகவும் பிடித்தவர் அரசர் அல்ல. அழகியார் என்று ஒருவர், 1270இல் இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்தார். அவரைப் பற்றிக் கல்வெட்டு சொல்வது அவ்வளவுதான். யார், என்ன தொழில், ஏன் கொடுத்தார், ஒன்றும் தெரியாது. கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம் ஒவ்வொரு நிலையாக நின்று பார்த்து, "இதுவா இருக்குமா?" என்று கேட்பாள். இன்னொரு கல்வெட்டு, தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் விண்ணமங்கலம் ஏரி நிலத்தைச் சாமிக்கு எழுதிவைத்ததைச் சொல்கிறது. விண்ணமங்கலம் என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, பின்னமங்களா!" என்று கத்தினாள். இந்திராநகரில் பெயர்ப்பலகையில் தினம் பார்க்கிற பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியைத் தேடிப் போனோம். காபிக் கடையும் துணிக்கடையும் கார் நிறுத்த இடம் தேடுகிற வண்டிகளும்தான் கண்ணில் பட்டன. ஏரி தென்படவில்லை.

2024 மார்ச்சில் இந்த ஊரே தண்ணீர் லாரிக்காக வாசலில் நின்றதே, அப்போது அவள் வைத்திருந்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை, கப்பல் வந்தது, வதந்தி வந்தது, யார் யாருக்கு என்ன சன்மானம் கொடுத்தார்கள் என்று கண்டது கேட்டதையெல்லாம் எழுதி வைத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்தைப் பிடித்ததை ஒருவரிப் பாடமாகப் படிப்பதும், அந்த நாட்களை ஒரு தமிழர் பக்கத்திலிருந்து எழுதியதைப் படிப்பதும் ஒன்றாகுமா? அந்தத் தமிழ் அவளுக்குக் கரடுமுரடுதான். வரிவரியாக நிறுத்தித்தான் போனோம். ஆனால் படித்து முடித்ததும் அவள் செய்தது, தானும் அப்படி ஒரு நோட்டுப் போட்டது. கப்பலுக்குப் பதில் லாரி. "காலை 7.40, லாரி வந்தது. 12,000 லிட்டர். டிரைவர் 1,800 கேட்டார். 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய்தான் என்று அரசாங்கம் சொன்னதாக அப்பா பேப்பரைக் காட்டினார். டிரைவர் சிரித்தார். இரண்டாவது லாரி வரவில்லை." இப்படி 34 நாள்.

இதைத்தான் "வீட்டில் கதை படிப்பது" என்றீர்கள்.

இந்த முறைக்கு ஒரு பெயர் இருந்தால்தான் பேச முடியும் என்றால் பெயரும் உண்டு. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே உயிருள்ள புத்தகங்கள் என்று இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு விஷயத்தில் தோய்ந்த ஒருவர், அதை நேசித்து எழுதிய புத்தகத்தைப் பிள்ளை படிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். மேசனுக்கு முன்னால் நம் வீட்டுத் திண்ணைகளிலும் இதுதான் நடந்தது என்று எனக்கு ஒரு எண்ணம், ஆனால் மகள் விதிப்படி அது பென்சில்.

கையால் செய்ததையும் சொல்ல வேண்டும். களிமண் பலகையில் குச்சியால் தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்தில் "ஆதன்" என்று கீறினாள். கீழடிப் பானை ஓட்டில் இருக்கும் பெயர் அது. காய்ந்ததும், கல்வெட்டுத் துறையினர் மசிப்படி எடுக்கிற மாதிரி, ஈரச் செய்தித்தாளை அதன்மேல் ஒட்டித் துணி துவைக்கிற பிரஷ்ஷால் தட்டினோம். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கியது. விளக்குக் கரியைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு மெல்ல ஒற்றினோம். மேடெல்லாம் கறுத்தது, எழுத்து மட்டும் வெள்ளையாக நின்றது. முதல் மூன்று தாள் கிழிந்தன. நான்காவதில் "ன்" சரியாக விழவில்லை. "கல்லுல தேஞ்சு போயிருந்தா இப்படித்தான் தப்பா படிப்பாங்களா?" என்று கேட்டாள். இந்த விளையாட்டெல்லாம் எங்கள் களிமண்ணோடு சரி. உண்மையான கல்வெட்டின்மேல் கை வைக்க அனுமதி வேண்டும், நாங்கள் வைத்ததில்லை.

கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆதகூர்க் கல்லைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். கி.பி. 949. காளி என்ற நாய் ஒரு காட்டுப்பன்றியோடு சண்டை போட்டது, இரண்டும் செத்தன, நாய்க்காகக் கல் நட்டார்கள். சிற்பத்திலும் நாயும் பன்றியும்தான். அதே கல்லில் தக்கோலப் போரும் வருகிறது. கங்க அரசன் பூதுகன் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்றான் என்று எழுதியிருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் அதே இராசாதித்தனை "ஆனைமேல் துஞ்சிய" தேவர் என்று சொல்கின்றன. ஒருவன் சாவு, இந்தப் பக்கத்துக் கல்லில் வெற்றி, அந்தப் பக்கத்துக் கல்லில் உறக்கம். பத்து வயதுப் பெண்ணுக்கு இதை விளக்க நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை. வேட்டியில் சிவப்பு நூலும் பச்சை நூலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது அங்கே மட்டும்தான்.

சரி, 16 மார்க் எங்கே போனது? அதையும் மறைக்கவில்லை. தில்லி சுல்தான்களின் ஐந்து வம்சங்களை வரிசைப்படுத்தச் சொன்ன கேள்வியில் லோடிகளைக் கில்ஜிகளுக்கு முன்னால் எழுதியிருக்கிறாள். முதல் பானிபட் போர் 1526. இரண்டாவதன் வருடமான 1556ஐ எழுதியிருக்கிறாள். அக்பர் கேள்விகள் இரண்டைத் தொடவே இல்லை. வேட்டியின் ஏழாம் முழத்தில் விஜயநகரமும் கெம்பேகவுடாவும் இருக்கிறார்கள், வடக்கே ஒரு தையல் கூட இல்லை. அது அவள் குற்றமல்ல, என் குற்றம். எனக்குக் கைக்கெட்டிய இடத்தைத்தான் காட்டினேன். அந்தக் கேள்விகளில் மார்க் குறைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பள்ளிக்கு அவளை அனுப்ப நினைப்பதற்கும் இதெல்லாம்தான் காரணம். 2020இல் பள்ளிகள் மூடியபோது ஃபீஸ் கட்ட முடியாமல்தான் நிறுத்தினோம், கொள்கைக்காக அல்ல. பிறகு வீட்டுப் பாடம் நன்றாகப் போனதால் தொடர்ந்தோம். இப்போது அவளுக்குச் சிநேகிதிகள் வேண்டும், ரசாயனக் கூடம் வேண்டும். என் சமையலறையில் அமிலம் வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

சட்டம் பேச எனக்கு ஆசையில்லை, ஆனால் பேசாமல் விட முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராமலோ படிப்பை முடிக்காமலோ விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. மற்றவர்களோடு சமமாக வர அந்தக் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. குறை இருந்தால் பயிற்சி கொடு என்கிற சட்டத்தை, குறை இருந்தால் வகுப்பை இறக்கு என்று நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

உங்கள் பள்ளி பின்பற்றுகிற என்.சி.இ.ஆர்.டி. பாடத்தில், 2024இல் புத்தகம் மாறும்வரை பல வருடங்களாக, ஆறாம் வகுப்பு வரலாற்றின் முதல் அத்தியாயத் தலைப்பே "என்ன, எங்கே, எப்படி, எப்போது?" என்றுதான் இருந்தது. மூன்றாவது கேள்வியில் என் மகள் இந்த நான்கையும் கேட்டுப் பார்த்துத்தான் பதில் எழுதியிருக்கிறாள். 2005இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மனப்பாடத்திலிருந்து விலக வேண்டும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவு சேர வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் வரவேற்பறையில், "அனுபவக் கல்வி" என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் என் மகள் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தாள்.

நான் கேட்பது இவைதான்.

மகளை ஏழாம் வகுப்பில் சேருங்கள். முடியாது என்றால், எந்த விதிப்படி முடியாது என்று பத்து நாளுக்குள் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிப் பதில் போதாது, அது பென்சில்.

மூன்றாவது கேள்வியை மறுபடி திருத்துங்கள். இரண்டு மார்க் கிடைப்பதால் 9 என்பது 11 ஆகும், அவ்வளவுதான், அதற்காகக் கேட்கவில்லை. அந்த விடைக்குறிப்பு அடுத்த வருடமும் அப்படியே இருந்தால், பேகூருக்குப் போய்வந்த இன்னொரு பிள்ளைக்கும் முட்டைதான் விழும். பயறுக் கதையை விடையாக வைத்திருக்க உங்களிடம் 890க்கு முந்தைய ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், நாங்கள் தையலைப் பிரித்துவிடுகிறோம்.

சுல்தான்களுக்கும் முகலாயர்களுக்கும் சிறப்புப் பயிற்சி கொடுங்கள். சனிக்கிழமைகளில் நானே கொண்டுவந்து விடுகிறேன். பள்ளி திறந்து மூன்று மாதத்தில் அந்தப் பகுதியில் மட்டும் மறுபடி தேர்வு வையுங்கள், எங்களுக்குச் சம்மதம்.

இனிமேல் வீட்டில் படித்துவிட்டு வருகிற எந்தப் பிள்ளைக்கும், எழுத்துத் தேர்வோடு கூட, உங்கள் வரலாற்று ஆசிரியர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். அன்று எங்களோடு பேசிய யாரும் வரலாறு எடுப்பவர் இல்லை. வராந்தாவில் கடந்துபோன ஓர் ஆசிரியை, மகள் கையிலிருந்த லாரி நோட்டைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் நின்று படித்தார். அவர்தான் வரலாற்று ஆசிரியை என்று பிறகு வாட்ச்மேன் சொன்னார். அவரையே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வருடாவருடம் பிள்ளைகளை நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறீர்கள், போகட்டும், நன்றாக நனையட்டும். ஒரே ஒரு தடவை தொம்மலூருக்கும் கூட்டிப் போங்கள். உங்கள் பள்ளி பஸ் தினமும் அந்த வழியாகத்தான் திரும்புகிறது. டிக்கெட் கிடையாது. எந்த நிலைக்கால் அழகியார் கொடுத்தது என்று என் மகளால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து தேடினால் ஒருவேளை கிடைக்கலாம்.

வேட்டியை எப்போது கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள். மேசை போதாது. வராந்தாத் தரையைப் பெருக்கி வைத்தால் விரித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பில் சேர வேண்டிய மாணவியின் அம்மா,
அல்சூர், பெங்களூர்